அளப்பதற்கு முன் தொட்ட கல்

அமெரிக்காவில் எடிசன் ஊரில் வசந்தாமணி கர்லிங் ஆடுகிறாள் என்றால், அது என்னவென்றே தமிழ்ச் சனத்துக்குப் புரியாது. இருபது கிலோ கல்லைப் பனித்தரையில் வழுக்கிவிட வேண்டும். அதன் முன்னால் இருவர் துடைப்பத்தால் தேய்த்துக்கொண்டே ஓடுவார்கள். தூரத்து வட்டத்தின் நட்ட நடுவுக்கு யார் கல் கிட்டத்தில் நிற்கிறதோ, புள்ளி அவர்களுக்கு.

"ஈரோட்ல வாசல் கூட்டினது போதாதுன்னு இங்க ஐஸையும் கூட்டுறியா?" என்று புடவைக் கடையில் ராஜலக்ஷ்மி ஆன்ட்டி கேட்டார்.

தொண்ணூற்று மூன்றில் கணவன் குமாரசாமியின் ஆபீஸ்காரர்கள் எல்லாரையும் கர்லிங் கிளப்புக்கு அழைத்துப் போனார்கள். குமாரசாமி இரண்டு தரம் விழுந்து, அதோடு சரி என்று விட்டுவிட்டான். வசந்தாமணி விழவில்லை. வேலை பார்க்க அவள் விசாவில் இடமில்லை, வீட்டில் பொழுதும் போகவில்லை. மறுவாரமும் போனாள். டாரத்தி என்ற ஐம்பது வயதுக்காரி அவளைத் தன் நால்வர் அணியில் சேர்த்துக்கொண்டாள். போயும் போயும் தன்னை ஏன் சேர்த்தாள் என்று அவளுக்கு விளங்கவே இல்லை.

எட்டு சீசன் ஓடின. இரண்டாயிரத்து ஒன்று பிப்ரவரியில் தகுதி ஆட்டம் வந்தது. ஜெயித்தால் தேசியப் போட்டி. டாரத்தி ஒருமுறைகூட அங்கே போனதில்லை. அவள் முட்டி ஆபரேஷனுக்கு நாள் குறித்தாகிவிட்டது, இனி ஆட முடியாது.

கடைசிச் சுற்றில் இரு பக்கமும் சமம். வட்டத்தில் இரண்டே கல், ஆளுக்கொன்று. எது கிட்டம் என்று கண்ணால் சொல்ல முடியவில்லை. அளவுகோல் கொண்டுவரச் சொன்னார்கள். அளப்பதற்கு முன் கல்லை நகர்த்திவிட்டால் புள்ளி எதிராளிக்குப் போய்விடும். தப்பை நடுவர் கண்டுபிடிக்கட்டும் என்று அங்கே யாரும் இருப்பதில்லை, செய்தவளே சொல்லிவிடுவாள்.

அளக்கப் போன வசந்தாமணியின் கால் எதிரணிக் கல்லில் பட்டும் படாமலும் பட்டது. அவள் யோசிக்கவே இல்லை. சட்டென்று குனிந்து, கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

எல்லாரும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

"நகர்ந்ததா?" என்று எதிரணித் தலைவி கேட்டாள். நின்ற இடத்திலிருந்து அவளுக்குத் தெரியவில்லை, டாரத்திக்கும் தெரியவில்லை. கால் பட்டது நிஜம். கை பட்டதும் நிஜம். கல் மயிரிழை நகர்ந்ததா, இல்லை தன் கைதான் நடுங்கியதா? எல்லாரும் அவள் வாயையே பார்த்தார்கள்.

"நகர்ந்தது" என்றாள்.

டாரத்தி எதிரணிக்குக் கைகொடுத்தாள். பிறகு வந்து, "சரியாகச் செய்தாய்" என்று வசந்தாமணியின் முதுகில் தட்டினாள். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"காலு பட்டா கும்பிடறதுக்கு அதென்ன சாமி கல்லா?" என்றான் குமாரசாமி, காரை எடுத்தபடி.

பின்சீட்டிலிருந்து மகள் ஓவியா, "அம்மா, இட் டிட்ன்ட் மூவ். ஐ வாஸ் வாட்சிங்" என்றாள்.

வசந்தாமணி கணவன் பக்கம் திரும்பினாள்.

"நகந்துச்சான்னு தெரியாமயே நகந்துச்சுன்னு சொல்லிப்போட்டேனுங்க. அவ என்னைய நேர்மையானவளுன்னு நெனச்சு முதுகுல தட்டறா. நான் அவகிட்ட பொய்யில்லீங்களா சொல்லியிருக்கேன்?"