ரவுண்ட் ராக்கில் போடாத கையெழுத்து

எனக்கு அறுபத்தெட்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். மூன்று நான் பெற்றது, இரண்டு கொழுந்தனார் விட்டுப்போனது. ஐந்தில் ஒன்றும் அடுத்தவர் வாசலில் போய் நின்றதில்லை. மூன்றாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டதால் இதைப் பென்சிலால் எழுத்துக் கூட்டி எழுதுகிறேன். ஒரு பக்கத்துக்கு ஒரு காலைப் பொழுது போகிறது. போகட்டும். அமெரிக்காவைப் பற்றி எழுதுகிறவர்கள் உயரமான கட்டடங்களையும் அருவியையும் எழுதுகிறார்கள். அவை எதையும் நான் பார்க்கவில்லை. நான் போனது வேறு காரியத்துக்கு.

2001 மார்ச் 4, ஞாயிற்றுக்கிழமை. சென்னையில் ஏறி, ஜெர்மனியில் பிராங்க்பர்ட்டில் ஐந்து மணி நேரம் உட்கார்ந்து, மத்தியானம் நியூவார்க்கில் இறங்கினேன். மூத்தவன் சிவகுமார் காரோடு வந்திருந்தான். பிளெய்ன்ஸ்பரோவில் அவன் வீட்டுக்கு முப்பத்தைந்து மைல். ரோட்டுக்குக்கூடக் காசு வாங்குகிறார்கள். போய்ச் சேர்ந்தால் ஒரே அச்சில் வார்த்த மாதிரி மாடி வீடுகள், கண்ணுக்கெட்டிய மட்டும். சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் அவன் விஷயத்துக்கு வந்துவிட்டான்.

"அம்மா, உன்னைய ஊரு சுத்திப் பாக்க மட்டும் கூப்படல. கலாவுக்கு வேல போயிருச்சு."

கலா என் கடைசி மகள். முப்பத்தொரு வயது, சான் ஹோசேயில் கம்ப்யூட்டர் வேலை. கல்யாணப் பேச்சை எடுத்தால் போனை வைத்துவிடுகிறவள். அவள் கம்பெனியில் பாதிப் பேரை அனுப்பிவிட்டார்களாம். அவளுடைய விசா வேலையோடு ஒட்டியது. சீக்கிரம் வேறு வேலை பிடிக்காவிட்டால் ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான்.

"டெக்சாஸ்ல, ரவுண்ட் ராக்ல நல்ல ஆஃபர் வந்திருக்குது. சைன் பண்ண மாட்டேங்கறா. ஒரு ஜெர்மன்கார வாத்தியாரு சும்மா குடுக்கற புரோகிராமுக்கு ராத்திரியெல்லாம் வேல செய்யறா. பைசாக் கெடையாது. நீ போயி அவளச் சைன் பண்ண வைம்மா. நீ சொன்னாக் கேப்பா."

"நான் சொல்லி எப்பக் கேட்டா?" என்றேன். ஆனாலும் பெற்றவளுக்குப் பயம் இருக்காதா? சரி என்று தலையாட்டினேன்.

மார்ச் 15, வியாழன். நியூவார்க்கிலிருந்து சான் ஹோசேக்கு ஆறு மணி நேரம். பாட்டுக் கேட்கிற குழாய்க்கு ஐந்து டாலர் கேட்டார்கள், வேண்டாம் என்றுவிட்டேன். நியூஜெர்சியில் மரமெல்லாம் மொட்டையாக நிற்க, இங்கே எலுமிச்சை காய்த்துத் தொங்கியது. கலா இளைத்திருந்தாள். காரில் ஏறியதும் அவளே ஆரம்பித்தாள்.

"அண்ணன் அனுப்பிச்சானா?"

"ஆமா."

"என்ன சொல்லச் சொன்னான்?"

"அத நான் உன்ற வாத்தியாரப் பாத்துட்டுச் சொல்றேன்."

அவள் ரோட்டைப் பார்த்துச் சிரித்தாள். ஃப்ரீவே முழுக்க அந்தச் சிரிப்பு போகவில்லை. அவளிடம் நான் சொல்லாத ஒரு யோசனை என்னிடம் இருந்தது.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளையின் படிப்பு முடிந்ததும் வாத்தியாருக்குத் தட்டு வைப்போம். வேட்டி, துண்டு, தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு. வாத்தியார் தட்டை வாங்கிக்கொண்டால் அத்தோடு பாடம் முடிந்தது. மனம் கோணாமல் பிள்ளையை அழைத்துக்கொண்டு வந்துவிடலாம். ஊரிலிருந்து கொண்டுவந்த ஈரோட்டு வேட்டியும் துண்டும் பெட்டியில் இருந்தன. தேங்காயும் பழமும் இந்தியக் கடையில் வாங்கினேன். தேங்காய் ஒன்றேகால் டாலர்.

மார்ச் 17, சனிக்கிழமை, காலை பத்து மணி. ஊர் நூலகத்தின் பின்னால் ஒரு அறை, அறை நிறைய ஆட்கள். சீனர், மெக்சிகோக்காரர், நம்மவர், தலை நரைத்த வெள்ளைக்காரக் கிழவிகூட ஒருத்தி. வாத்தியாருக்கு ஐம்பது வயது இருக்கும், நெடுநெடுவென்ற ஆள், பெயர் யோஹன். கால்சராயில் முட்டிப் பக்கம் ஒட்டுப் போட்டிருந்தது. அவர் எழுதிய புரோகிராமைச் சுவரில் வெளிச்சமாக விழ வைத்தார். கம்ப்யூட்டரில் எழுதவும் அச்சடிக்கவும் உதவுகிற புரோகிராம் அது. உள்ளே எப்படிச் செய்திருக்கிறது என்பதை யாரும் பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். பூட்டு இல்லை. கலா அதற்குள் தமிழ் எழுத்தைக் கொண்டுவருகிற வேலையைச் செய்கிறாள்.

பாடம் நடந்த விதம்தான் எனக்குப் புதிது. மெக்சிகோக்காரப் பெண் ஒருத்தி எழுந்து சுவரைக் காட்டி ஏதோ சொன்னாள். வாத்தியார் நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தார். "அவரு செஞ்ச தப்பக் கண்டுபுடிச்சுட்டா" என்றாள் கலா. அந்த இடத்தைத் திருத்தி, அடியில் அந்தப் பெண்ணின் பெயரை எழுதினார். அந்தப் புரோகிராம் எந்த நாட்டுக்குப் போனாலும் அந்தப் பெயர் கூடவே போகுமாம். என்னைப் படிப்பித்த வாத்தியாரிடம் தப்பு என்று சொல்லியிருந்தால் தொடையைக் கிள்ளியிருப்பார்.

பாடம் முடிந்ததும் தட்டை நீட்டினேன். அவர் என்னவென்று கேட்டார். கலா தயங்கினாள்.

"உள்ளத உள்ளபடி சொல்லு கண்ணு."

சொன்னாள். அவர் வேட்டியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, தட்டை மேசை நடுவில் வைத்தார். இந்த வகுப்பில் படிப்பு முடிவது என்று ஒன்று இல்லை, அவருடைய தப்பைத் திருத்தினவர்கள் எல்லோருமே அவருக்கு வாத்தியார்கள், அதனால் தட்டு எல்லோருக்கும் என்றாராம். ஆளுக்கொரு பழமாகத் தட்டு காலியாகிவிட்டது. என் யோசனையும் அத்தோடு போயிற்று.

நான் விடவில்லை. "எல்லாஞ் சரி. இவளுக்கு வேல இல்லாமப் போனாச் சோறு யாரு போடுவா? நீங்களா? கேளு கலா, மழுப்பாமக் கேளு."

கேட்டாள். நான் பேசின அளவுக்கே அவளும் பேசினாள், அதனால் மழுப்பவில்லை என்று தெரிந்தது. அவருடைய பதிலைத் துண்டு துண்டாகச் சொன்னாள்.

"என்னால போட முடியாதுன்னு சொல்றாரு. இவரே மூணு காலேஜ்ல பார்ட் டைமாப் பாடம் எடுத்துத்தான் சாப்படறாராம். ஜெர்மனில பெரிய வேலைல இருந்தாராம். பள்ளிக்கூடப் புஸ்தகம் அடிக்கறதுக்கு ஒரு புரோகிராம் எழுதுனாராம், பத்து வருச வேல. கம்பெனிய வேற ஒருத்தன் வாங்கிட்டானாம். அப்பறம் பள்ளிக்கூடத்துல இருந்து, ரிப்பேர் ஆயிருச்சுன்னு இவருக்குப் போன் பண்ணுவாங்களாம். எங்க ரிப்பேர்ன்னு இவருக்குத் தெரியும். ஆனாத் தொடக்கூடாதுன்னுட்டாங்களாம். தானே கட்டுன ஊட்டுக்கு வெளிய நின்ன மாதிரி இருந்துச்சாம். அதுனால வேலைய உட்டுட்டு, மொதல்ல இருந்து வேற ஒண்ணு எழுதி, யாரும் பூட்ட முடியாதபடி எல்லாருக்கும் குடுத்துட்டாராம்."

"இவ கையெழுத்துப் போட்டா?"

"கோவிச்சுக்க மாட்டாராம். ஆனா அந்த பேப்பர்ல, ஊட்ல உக்காந்து நான் எழுதறதும் கம்பெனிக்குச் சொந்தம்னு இருக்குதும்மா. கையெழுத்துப் போட்டா நான் தமிழத் தொட முடியாது. அவ்வளவுதான்."

 அன்று முழுக்க எனக்கு எங்கள் கிணறு நினைவில் வந்து நின்றது. நானும் என் வீட்டுக்காரரும் மண் சுமந்து வெட்டிய கிணறு அது. அவர் தவறிப்போன வருசம், பங்காளி மோட்டார் ரூமைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். பஞ்சாயத்து கூடட்டும் என்றார்கள். பயிர் பஞ்சாயத்துக்குக் காத்திருக்குமா? கடப்பாரையை எடுத்துப் போய்ப் பட்டப்பகலில் பூட்டை உடைத்தேன். இன்றைக்கும் அந்த ரூமுக்குப் பூட்டு கிடையாது, அந்தப் பங்காளி மகனும் அதில்தான் தண்ணீர் பாய்ச்சுகிறான்.

மார்ச் 27, செவ்வாய். நேரில் போய் அந்த வரியை எடுக்கச் சொல்லிக் கேட்டுப் பார்க்கலாம் என்று கலா கிளம்பினாள், நானும் கூடப் போனேன். சான் ஹோசேயிலிருந்து ஆஸ்டினுக்கு நேர் விமானம், மூன்றரை மணி நேரம். ஏறினவர்களில் பாதிப் பேர் மடியில் கம்ப்யூட்டரைத் திறந்துவிட்டார்கள். அங்கிருந்து ரவுண்ட் ராக் இருபது மைலுக்கு மேல். ரோட்டோரமெல்லாம் நீலப் பூ. ஊருக்குப் பெயர் வந்தது ஓடையில் கிடக்கிற ஒரு உருண்டைக் கல்லால். போய்ப் பார்த்தேன், கல்தான். மோட்டல் ஒரு குஜராத்திக்காரருடையது, வாடகை நாற்பத்தைந்து டாலர். கலா அவரை அங்கிள் என்றதும் ஐந்து டாலர் குறைத்தார். "உங்க அம்மா ரொம்ப ஸ்ட்ரிக்டா?" என்று அவர் ஆங்கிலத்தில் கேட்டாராம். "நாளைக்குத் தெரியும் அங்கிள்" என்றாளாம் இவள்.

மறுநாள் பதினோரு மணிக்குக் கம்பெனி. அந்த ஊரில் இருக்கிற பெரிய கம்ப்யூட்டர் கம்பெனி இல்லை, சின்னது ஒன்று. வேலைக்கு ஆள் எடுக்கிற அம்மாள் கைகொடுத்து, அம்மாவும் உள்ளே வரட்டும், கையெழுத்துப் போடும்போது போட்டோ எடுத்துக்கொள்ளலாம் என்றார். நல்ல மாதிரியாகத்தான் பேசினார். கலா காகிதத்தைப் புரட்டி ஒரு வரியைக் காட்டி, இதை மட்டும் அடித்துவிட முடியுமா என்று கேட்டாள். அந்த அம்மாள் வெளியே போய்க் கேட்டுவிட்டு வந்து, முடியாது என்று தலையை ஆட்டினார். எல்லோரும் இதில்தான் கையெழுத்துப் போடுகிறார்களாம்.

கலா பேனாவை எடுத்தாள். மூடியைத் திறந்தாள். விசா, அண்ணன், கார்க் கடன், எல்லாம் அவள் முகத்தில் தெரிந்தது. என்னைப் பார்த்தாள். அண்ணன் அனுப்பின பேச்சை நான் இப்போது சொல்லப்போகிறேன் என்று நினைத்திருப்பாள்.

"அவிய தண்ணிக்கு மட்டும் பூட்டுப் போடல கலா, ஊத்துக்கே பூட்டுப் போடறாங்க. உனக்கு மனசு இருந்தாப் போடு. எனக்காகப் போடாத. இல்லீன்னா எந்திரி, போலாம்."

அவள் மூடியை மாட்டி, பேனாவைக் காகிதத்தின் மேல் நேராக வைத்துவிட்டு எழுந்தாள். அம்மா என்ன சொல்கிறார் என்று அந்த அம்மாள் கேட்டார்.

"ஃப்ளைட்டுக்கு நேரமாச்சுங்கறாங்க" என்றாள் கலா.

வெளியே வந்து, வழியில் நீலப் பூவோரம் வாடகைக் காரை நிறுத்தி ஒரு பாட்டம் அழுதாள். நான் தடுக்கவில்லை. அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு வாத்தியாருக்குப் போன் போட்டு, ஊருக்குப் போகிறேன் என்றாள். உங்கள் ஊரில் டெலிபோன் இருக்கிறதா என்று கேட்டாராம். இருக்கிறது என்றாளாம். அப்படியானால் சனிக்கிழமை பாடத்துக்கு அதிலேயே வந்துவிடு என்றாராம்.

ஏப்ரல் 8, ஞாயிறு. மறுபடி பிளெய்ன்ஸ்பரோ. நாளைக்கு விமானம். என் பெட்டிக்குப் பக்கத்தில் கலாவின் பெட்டிகளும் கட்டி நிற்கின்றன. சிவகுமார் நான்கு நாள் என்னிடம் பேசவில்லை. நேற்றுத்தான் வாயைத் திறந்தான்.

"சனம் என்ன பேசும்னு ஒரு நிமிசம் யோசிச்சியாம்மா?"

"பேசட்டும். கெணத்துப் பூட்ட ஒடச்சப்பவும் பேசுனாங்க. அந்தத் தண்ணில வெளஞ்ச மஞ்சள வித்துத்தான் நீ இஞ்சினீரு ஆன."

அவன் எழுந்து போய்விட்டான். அவன்மேல் எனக்குக் கோபமில்லை. அவன் பயம் அவனுக்கு.

இந்த நாட்டில் வீடுகளுக்கு மதிலோ முள்வேலியோ நான் அதிகம் பார்க்கவில்லை. புல்லுக்கு நடுவில் வீடு அப்படியே நிற்கிறது. எங்கள் ஊரில் ஆட்டுக்குப் பயந்து விளைகிற காட்டுக்கு வேலி போடுவோம். இங்கே காட்டை விட்டுவிட்டு மனிதனின் மூளைக்கு வேலி போடுகிறார்கள். அதை நான் வந்து பார்த்தேன், ஒரு இடத்தில் தாண்டியும் வந்தேன். எங்கள் ஊர்ப் பக்கம் கோபியில் மணிக்கு முப்பது ரூபாய் வாங்குகிற கம்ப்யூட்டர் கடை இருக்கிறது. அங்கே உட்கார்ந்தும் அவள் எழுதலாம். பெயர் அடியில் வரும்.

இதுவரை நான் பென்சிலில் எழுதினதையெல்லாம் கலா அந்தப் புரோகிராமிலேயே தட்டி அச்செடுத்துக் கையில் கொடுத்துவிட்டாள். எழுத்து பெரிதாக, கண்ணுக்கு இதமாக இருக்கிறது. சிவகுமாரின் மகள் நித்யாவுக்கு ஒன்பது வயது. கோயில் வகுப்பில் தமிழ் எழுத்து படித்தவள். எதிரில் உட்கார்ந்து தாளைப் புரட்டுகிறாள்.

"அப்பத்தா, இட்ஸ் சோ லாங்."

"இருக்கட்டும் கண்ணு. மெதுவாப் படி. ஆனாச் சத்தமாப் படி. உங்கப்பன் பக்கத்து ரூம்லதான் இருக்கறான்."