பக்கத்து வீட்டு ஆடு விழுந்த குழி

தங்கச் சுரங்கத்தில் வேலை செய்கிறவனுக்குக் குழி என்றால் பயமே இருக்காது என்று எங்கள் கூலி லைன் குடிசைகளில் எல்லாரும் நம்பினார்கள். நானும்தான் நம்பினேன்.

பக்கத்துக் குடிசைக்காரிக்குக் கைக்குழந்தை. தாய்ப்பால் வற்றிவிட்டது; ஒரு வெள்ளாட்டின் பாலில்தான் பிள்ளை பிழைத்துக் கிடந்தது. ஒரு நாள் பகலில் அந்த ஆடு, யாரோ தங்கம் தேடித் தோண்டி விட்டுப்போன பழைய குழியில் விழுந்துவிட்டது. ஆண்களெல்லாம் சுரங்கத்துக்குள் இருந்தார்கள். ராத்திரி ஷிப்டு முடிந்து தூங்கிக்கொண்டிருந்த ஒரே ஆம்பிளை நான். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் ஓடி வந்தாள்.

“அண்ணா, எழுந்திருங்கண்ணா! ஆடு குழியில கத்திக்கினு கீது. நீங்கதான் எறங்கணும்.”

“நானா? எனுக்கு வேட்டியே இடுப்புல நிக்கல மா.”

“இன்னாண்ணா, தெனமும் எறங்குறவரு இப்டி பேசுறீங்க!”

தினமும் இறங்குகிறேன், சரி. ஆனால் முன்னாலும் பின்னாலும் ஆள் இருக்கும். அதைச் சொல்ல வெட்கம். தொப்பியில் களிமண் அப்பி மெழுகுவத்தியைச் செருகினேன். இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டேன். பெண்கள் மேலிருந்து பிடித்து இறக்கினார்கள்.

என்னைக் கண்டதும் ஆடு கத்துவதை நிறுத்தியது. வந்த ஆளைப் பார்த்து நம்பிக்கை போயிருக்கும்.

திடீரென்று வெளிச்சம் மங்கியது. வத்தியைக் கையில் எடுத்துப் பார்த்தால் சுடர் கடுகளவுதான் இருந்தது. கெட்ட காற்று! முதலில் சுடர் சாகும், அப்புறம் ஆள் சாவான் என்று சுரங்கத்தில் சொல்வார்கள்.

கயிறு ஒன்றுதான். எங்கள் இருவரையும் சேர்த்து இழுக்க அவர்களால் ஆகாது. கயிற்றை அவிழ்க்கக் கை வரவில்லை. மேலே பிள்ளை வீறிட்டது. அவிழ்த்து ஆட்டுக்குக் கட்டினேன்.

“இழு தாயே!”

ஆடு என் தலையில் புழுக்கை போட்டபடி மேலே போனது. வத்தி அணைந்தது. கயிறு வரவில்லை.

“கயிறு! கயிறு போடுங்க!”

“இருங்கண்ணா, முடிச்சு அவுறல! இன்னாத்துக்கு இத்தினி முடிச்சு போட்டீங்க?”

பயத்தில் முடிச்சுமேல் முடிச்சு போட்டிருக்கிறேன். மூச்சு முட்டியது. தெரிந்த சாமி பெயரெல்லாம் தீர்ந்துபோய், தெரியாத சாமிகளையும் கூப்பிட்டேன். கடைசியில் முகத்தில் கயிறு அடித்தது.

மேலே வந்து மண்ணில் சரிந்தேன். பிள்ளைக்காரி என் பக்கத்திலேயே உட்கார்ந்து ஆட்டின் மடியைத் தடவிக்கொண்டிருந்தாள். ஒரு சொட்டு வரவில்லை.

“மெரண்ட ஆட்டுக்குப் பால் எறங்காதுண்ணா. உங்க பல்லு அடிக்கிற சத்தத்துல இன்னும் மெரளுது. கொஞ்சம் சும்மா இருங்க.”

துண்டைச் சுருட்டி வாயில் கடித்துக்கொண்டேன். ரொம்ப நேரம் கழித்து, செம்பில் சர்ரென்று பால் விழுந்தது.