நாலாவது கோட்

காலை பத்தரை. மகள் ஜீப்பை எடுத்துக்கொண்டு கிளம்பி ஐந்தரை மணி நேரம் ஆகிறது. இன்னும் போன் இல்லை. நேற்று நான் பண்ணிய கூத்தை இப்போதே எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் எழுந்து போய் எதையாவது கழுவ ஆரம்பித்துவிடுவேன்.

கழுவுவது எனக்கு ஒரு வியாதி. நேற்றுத்தான் கண்டுபிடித்தார்கள்.

புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்த்து ரிட்டயர் ஆனவன் நான். வீடு படப்பையில். ரிட்டயர் ஆன கையோடு ஒரு பழைய ஜீப் வாங்கினேன். காடு மேடு ஏறுவதற்கென்றே செய்த டயர்கள் – ரோட்டைப் பிடிக்கிற ரப்பர் பட்டன் ஒவ்வொன்றும் சோப்புக் கட்டி அளவு இருக்கும். மார்க்கெட், கோயில், மச்சினன் வீடு தவிர அவை வேறு எங்கும் போனதில்லை என்பது வேறு விஷயம்.

மகள் திவ்யா டயர் கம்பெனியில் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன். லைனில் வரும் ஒவ்வொரு டயரையும் உள்ளேயும் வெளியேயும் கையால் தடவிப் பார்ப்பாள். குறை தென்பட்டால் மஞ்சள் கிரேயானால் ஒரு குறி. அந்த டயர் 'ஹோல்டு'. அப்புறம் அதை யாரும் தொட முடியாது.

போன வாரம் சாப்பிடும்போது சொன்னாள். "அப்பா, ஞாயித்துக்கிழமை ஜீப் எனக்கு வேணும். லைன்ல கூட வேலை செய்யற மூணு பேரும் நானும் ஏலகிரி போறோம். நான்தான் ஓட்டப் போறேன்."

"தாராளமா போயிட்டு வாம்மா" என்றேன். எப்பேர்ப்பட்ட அப்பா! சாப்பாட்டைப் பாதியில் விட்டுப் போய் ஜீப் டயரில் காற்று பார்த்தேன்.

அன்றிலிருந்து ராத்தூக்கம் சரியில்லை. கண்ணை மூடினால் கொண்டை ஊசி வளைவு. திறந்தால் கூரையில் ஃபேன்... அதுவும் வளைந்து வளைந்துதான் சுற்றுகிறது.

நேற்று சனிக்கிழமை. அவள் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் போய்விட்டாள். நான் தண்ணீர் ஓஸை இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். மலைக்குப் போகிற வண்டி சுத்தமாக இருக்க வேண்டாமா?

முதலில் தண்ணீர். பிறகு ஸ்க்ரூடிரைவரை வைத்துக்கொண்டு பட்டன்களுக்கு நடுவே சிக்கியிருந்த கற்களை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தேன். பிறகு ஷாம்பூ. டயரின் பக்கவாட்டில் ஒரு பழுப்பு நிறம் – என்ன தேய்த்தாலும் போவேனா என்றது. என் மனைவி விஜயா துணி துவைக்கிற பிரஷ்ஷை எடுத்து வந்து, பாத்திரம் தேய்க்கிற பவுடரையும் போட்டு, முட்டி வலிக்க வலிக்கத் தேய்த்தேன். போயிற்று!

விஜயா எட்டிப் பார்த்தாள். "இன்னாங்க அது, என் பிரஷ்ஷா? அந்த டயர் இன்னா பாவம் பண்ணுச்சு, வுட்டுடுங்க."

அவள் மட்டும் என்ன ஒழுங்கு? நாலு பேர் போகிற பயணத்துக்குப் பத்து பேர் சாப்பிடுகிற மாதிரி புளி கரைத்துக்கொண்டிருந்தாள்.

காய்ந்ததும் பாலிஷ். மெயின் ரோட்டுக் கடைக்காரர் கொடுத்த ஸ்ப்ரே பாட்டில். "ரெண்டு கோட் போதும் சார், புது டயர் தோத்துடும்" என்று சொல்லித்தான் கொடுத்தார். இரண்டு கோட் அடித்தேன். மின்னியது. மணி பதினொன்றுதான் ஆகியிருந்தது. திவ்யா வர நாலு மணி நேரம் இருக்கிறது. அதுவரை என்ன செய்வது?

மூன்றாவது கோட் அடித்தேன்.

அப்புறமும் பாட்டிலில் மிச்சம் இருந்தது. பக்கவாட்டு மட்டும் கறுப்பாக இருந்தால் போதுமா, ரோட்டில் படுகிற பாகம் என்ன பாவம் செய்தது? நாலாவது கோட்டைப் பட்டன் மேலேயே அடித்தேன். இண்டு இடுக்கெல்லாம் விடாமல்... சக்கரத்தின் உள்ளே வரைக்கும். சத்தியமாகச் சொல்கிறேன், கை அடிக்கும்போது மனசு கொஞ்சம் அடங்கியது.

மூன்று மணிக்குக் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த திவ்யா, கேட்டைத் திறந்ததும் நின்றாள். பையைக் கீழே வைத்தாள். குனிந்து டயரைத் தடவினாள் – அது அவளுடைய தொழில் பழக்கம், பழம் வாங்கப் போனாலும் அப்படித்தான் தடவுவாள். கையைப் பார்த்தாள். சக்கரத்துக்குள் எட்டிப் பார்த்தாள்.

"இன்னாப்பா பண்ணி வச்சிருக்க? பட்டன் மேல எண்ணெய். பிரேக் டிஸ்க்குலயும் எண்ணெய். நான் மலையில ஓட்டிக்கினு போறதா, வழுக்கிக்கினு போறதா?"

பெண் பத்திரமாகப் போய்வர வேண்டும் என்று காலையிலிருந்து பாடுபட்டு, அவளைப் பள்ளத்தில் தள்ள நானே எல்லா ஏற்பாடும் செய்திருக்கிறேன்!

"அந்தப் பழுப்பு எங்க?" என்றாள்.

"தேய்ச்சு எடுத்துட்டேன்..."

"அது அழுக்கு இல்லப்பா. ரப்பர் வெடிக்காம இருக்கக் கலக்கற மருந்து. உள்ளேர்ந்து மேல வந்து டயரைக் காப்பாத்தும். அதையா தேய்ச்ச?"

பையிலிருந்து மஞ்சள் கிரேயானை எடுத்தாள். டயரைக் கொஞ்சம் துடைத்து, அந்த இடத்தில் ஒரு பெரிய குறி. நாலு டயருக்கும். என் ஜீப் என் வாசலிலேயே ஹோல்டு ஆகிவிட்டது.

பிறகு படிக்கட்டில் என்னை உட்காரவைத்து, எதிரில் அவளும் உட்கார்ந்தாள். "இரு, ஒய்-ஒய் போடலாம்" என்றாள்.

இந்தப் பக்கத்துக் கம்பெனிகளில் வேலை செய்தவர்களுக்கு அது தெரியும். தப்பு நடந்தால் 'ஏன்' என்று ஐந்து முறை கேட்க வேண்டும். ஐந்தாவது ஏனில் வேர் அகப்படும் என்பது கணக்கு. என் சர்வீஸில் எத்தனையோ பேரை உட்காரவைத்துக் கேட்டிருக்கிறேன்.

"பட்டன் மேல ஏன் அடிச்ச?"

"பாட்டில்ல மிச்சம் இருந்துச்சும்மா."

"மிச்சத்தை ஏன் மூடி வைக்கல?"

"கை சும்மா இருக்க மாட்டேங்குது."

"ஏன்?"

"ஒரு வாரமா மனசு ஒரு நிலையில இல்ல."

"அதான் ஏன்?"

"நீ மலை ஏறப் போற..."

"நான் ஏறினா உனக்கு ஏன்பா?"

ஐந்தாவது ஏன். டயரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "பயமா இருக்குதும்மா."

நாம் யாரும் பயத்தைப் பயம் என்று சொல்வதில்லை, கவனித்திருக்கிறீர்களா? ஹெல்மெட் எடுத்தியா என்போம். சார்ஜ் இருக்கா என்போம். புளி கரைப்போம், டயர் கழுவுவோம். சொல்லியிருந்தால் ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும். பிள்ளைகளும் அதைச் சுமக்காமல் போயிருப்பார்கள்.

திவ்யா சிரிக்கவில்லை. "ஒய்-ஒய் ஃபார்ம்ல ஆபரேட்டர் மிஸ்டேக்னு எழுதினா எங்க மேனேஜர் திருப்பி அனுப்பிடுவாரு. ஆளைக் குறை சொல்லக் கூடாதாம். அதனால உன் மேல தப்பு இல்ல" என்றாள். "நான் ஓட்டி நீ பார்த்திருக்கியாப்பா?"

இல்லை. லைசென்ஸ் வாங்கி இரண்டு வருஷம் ஆகிறது. ஒவ்வொரு முறை அவள் சாவியை எடுக்கும்போதும் "இரு, காத்து செக் பண்ணிடறேன்" என்று சாவியை வாங்கிக்கொண்டுவிடுவேன்.

பாத்திரம் கழுவுகிற லிக்விட் போட்டு இருவரும் பட்டன்களை மூன்று தரம் கழுவினோம். அவளே போய் மெக்கானிக்கைக் கூட்டி வந்தாள். அவர் சக்கரத்தைக் கழற்றி, டிஸ்க்கைச் சுத்தம் செய்து, பிரேக்கை மிதித்துப் பார்த்து, "வுட்டா பிரேக்குக்கும் கலர் அடிச்சிருப்பீங்க போலக்கீதே சார்" என்று ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

"ஏறுப்பா" என்றாள் திவ்யா. வாழ்க்கையில் முதல் முறையாக என் ஜீப்பில் இடது பக்கம் ஏறினேன்.

காலியான தெருவில் நாலு முறை பிரேக் போட்டுப் பார்த்த பிறகுதான் மெயின் ரோட்டுக்கே வந்தாள். ஒரகடம் ரோட்டில் ஷிஃப்ட் பஸ்களும் கன்டெய்னர் லாரிகளும் முட்டிக்கொண்டு நின்றன. என் வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தது. அவளோ அவசரப்படவில்லை, வழி கிடைத்தபோது போனாள், கிடைக்காதபோது நின்றாள். வடக்குப்பட்டு பக்கம் திரும்பி ஏரிக்கரை மண் பாதையில் இறக்கினாள். முந்தா நாள் பெய்த மழையில் பாதை முழுக்கச் சேறு. எனக்கே அங்கே இறக்கத் தைரியம் வந்ததில்லை! கியரைக் குறைத்து, ஸ்டீயரிங்கோடு சண்டை போடாமல், மெல்ல எடுத்து வெளியே கொண்டுவந்தாள்.

பாதி வழியில் என் வலது கால் மிதிப்பதை நிறுத்தியிருந்தது. எப்போது நிறுத்தியது என்று எனக்கே தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் வழக்கம்போல ஓஸைத் தேடினேன். "சேறு இருக்கட்டும்பா. கை வைக்காத" என்றாள். வைக்கவில்லை. இன்று காலை ஐந்து மணிக்கு, சேற்றோடும் பத்து பேருக்கான புளியோதரையோடும் நாலு பெண்கள் கிளம்பினார்கள்.

இதோ, போனில் சத்தம். போட்டோ அனுப்பியிருக்கிறாள். மலை இல்லை, மேகம் இல்லை, சிநேகிதிகளும் இல்லை. ஒரு டயர் மட்டும். சேற்றைக் கொஞ்சம் துடைத்த இடத்தில் மஞ்சள் கிரேயானில் 'ஓகே'.

கண் கலங்கிவிட்டது, சொல்வதற்கு என்ன வெட்கம். விஜயாவிடம் நீட்டினேன். அவள் வெகுநேரம் பார்த்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"சேறு நல்லாப் புடிச்சிருக்குது" என்றாள். "என் பிரஷ்ஷை ஒளிச்சு வச்சிட்டேன். தேடாதீங்க."