குவெய் ரெய் பண்ணின காலம்

என்னைப்போலை சாப்பாட்டுக் கடையிலை மேசை பார்த்த உங்களுக்குத் தெரியும், கால் உளைவைக்கூடத் தாங்கலாம், வாயைப் பொத்திக்கொண்டு நிக்கிறதுதான் ஏலாது. தொண்ணூறுகளின்ரை தொடக்கத்திலை, கிழக்கு லண்டனிலை ஒரு வியட்நாம்காரர் கடையிலை எனக்கு வெயிட்டர் வேலை கிடைச்சுது. "ஒரு மாதம் பார்ப்பம், சரிவந்தால் வைச்சிருக்கிறன்" எண்டா முதலாளி லான் அக்கா. அதுக்கு முதல் பெற்றோல் ஷெட்டிலை வேலை செய்து குளிருக்கை விறைச்சவன் நான். திரும்ப அங்கை போறதை நினைச்சாலே அழுகை வரும்.

ஈயின்ரை வேலை

முதல் நாள் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் நூடில்ஸ் சூப்போடை பேப்பர் வாசிச்சுக்கொண்டிருந்தார். போய் "காணுமோ, இன்னும் வேணுமோ?" எண்டன். "காணும்" எண்டார். எங்கடை வீடுகளிலை ஒருக்கால் மட்டும் கேட்டால் அது கேட்டதோ? மரியாதைக்குச் சொல்லுறார் எண்டு திரும்பப் போனன். "இன்னும் கொஞ்சம்?" வேண்டாமெண்டு தலையாட்டினார். பிறகு முளைப்பயறுத் தட்டை நானே அவரின்ரை கோப்பைக்குள்ளை கவிட்டுவிட்டன்.

குசினி வாசலிலை நிண்டு லான் அக்கா "குவெய் ரெய்! குவெய் ரெய்!" எண்டு கத்தினா. வியட்நாம் பாசையிலை அது என்னெண்டு சமையல்காரன் ஹூங்கிட்டைக் கேட்டன். அவன் வெங்காயம் வெட்டுறதை நிப்பாட்டாமல் சொன்னான்: "சாப்பிடேக்கை முகத்தைச் சுத்திச் சுத்தி ஈ செய்யிற வேலை."

மன்னிப்புக் கேட்ட நாள்

சரி, தொல்லை குடுக்கிறதுக்கு நாங்கள் சொல்லுற அரியண்டம்தான் எண்டு விளங்கிச்சுது. ஆனால் அதே சொல்லை வியட்நாம்காரர் தங்களுக்கும் சொல்லிக்கொள்ளுவினம். ஒரு வீட்டுக் கதவைத் தட்டினாலும், போன் எடுத்தாலும், 'உங்களை குவெய் ரெய் பண்ணுறன், மன்னியுங்கோ' எண்டுதான் கதை தொடங்கும். அட, எனக்கு நல்லாப் பிடிச்சுப் போச்சு. அடுத்த நாள் மேசை மேசையாய்ப் போய் அந்த மன்னிப்பைக் கேட்டன். மூண்டாந்தரமும் போய் நிக்க, ஒரு வியட்நாம் ஐயா சொப்ஸ்டிக்கைக் கீழை வைச்சிட்டுச் சொன்னார்: "தம்பி, மன்னிப்புக் கேக்க வாறதை நிப்பாட்டு, மன்னிக்கிறன்."

பொலிசுக்குச் சொல்லுற சொல்லு

ஒரு பின்னேரம் குடிகாரர் ரெண்டு பேர் கடைக் கண்ணாடியிலை அடிச்சுக் கூத்தடிச்சினம். பொலிசுக்குப் போன் எடுக்கேக்கை லான் அக்கா வேறை சொல்லு சொல்லித் திட்டினா: "குவெய் ரோய்." ஆக்களைப் பயப்பிடுத்தித் தொல்லை குடுக்கிறவைக்குத்தான் அந்தச் சொல்லாம். என்னைப் பற்றி எதைச் சொல்லுறவ எண்டு ஹூங்கிட்டை மெல்லமாய்க் கேட்டன். "நீ இன்னும் ஈதான், பயப்பிடாதை."

கனகண்ணையின்ரை கோவம்

மாதக் கடைசி வந்திட்டுது. வாய் திறக்கிறேல்லை எண்டு பல்லைக் கடிச்சுக்கொண்டு நிண்டன். பார்த்து அண்டைக்கெண்டு அப்டன் பார்க்கிலை இருந்து எங்கடை ஊர்க்காரர் கனகண்ணை, மனுசி பிள்ளையளோடை வந்தார். சாப்பாட்டை வைச்சிட்டு விலகிட்டன். கோப்பையள் காலி. எங்கடை ஆக்கள் தாங்களாய்க் கேப்பினமோ? அவையள் என்னைப் பார்க்கினம், நான் சுவரோடை சுவராய் நிக்கிறன். கனகண்ணை எழும்பிக் கோட்டை மாட்டினார். "ஒரு வார்த்தை கேட்டியோடா? இனி இந்தப் பக்கம் தலை வைச்சும் படுக்கமாட்டன்!"

போச்சு, திரும்பப் பெற்றோல் ஷெட்டுத்தான் எண்டு நினைச்சன். லான் அக்காவுக்குத் தமிழ் விளங்காது, கோட்டு மாட்டினது விளங்கும். என்ன கோவம் எண்டு கேட்டா. சாப்பிடச் சொல்லி நான் நச்சரிக்கேல்லை எண்டு கோவம் எண்டன். ஏற இறங்கப் பார்த்தா. பிறகு ஸ்பிரிங் ரோல் தட்டை என்ரை கையிலை திணிச்சுத் தள்ளிவிட்டா: "போ! போய் அவையை நல்லாய் குவெய் ரெய் பண்ணு, நாளைக்கும் வேலைக்கு வா!"

சம்பளம் தந்து என்னை ஆக்களை அரியண்டப்படுத்த விட்டது அவ ஒராள்தான், வீட்டிலை என்ரை மனுசிக்கு அந்த வேலையை இண்டைக்கும் சும்மாதான் செய்யிறன்.