தொண்டையில் கசந்த சொட்டு மருந்து

கண்ணில் விட்ட மருந்து தொண்டையில் வந்து கசக்கும், தெரியுமா பிள்ளைகளே? அண்ணாந்து படுத்துக்கொண்டு, அம்மா இமையைப் பிரித்துப் பிடிக்க, ஜில்லென்று ஒரு சொட்டு விழும். உள்ளே எரிந்து, காதோரம் வழிந்து, கொஞ்ச நேரம் கழித்து மூக்கின் பின்பக்கமாக இறங்கி, நாக்கின் அடியில் ஒரு கசப்பு வந்து உட்காரும். எங்கள் தெருவில் அந்தக் கசப்புக்குத் தனி மரியாதை இருந்தது. "தொண்டையில கசந்திச்சா? அப்ப கண்ணுல புடிச்சிகிச்சி, சரியாப் பூடும்" என்பார்கள் பெரியவர்கள். கசக்கவில்லை என்று சொன்னால் இன்னொரு சொட்டு விழும் என்பதால், கசந்தாலும் கசக்காவிட்டாலும் நாங்கள் முகத்தைச் சுளித்துக் காட்டிவிட்டு ஓடிவிடுவோம்.

எங்கள் வீடு தாம்பரத்துக்கு மேற்கே முடிச்சூரில் இருந்தது, இப்போதும் அங்கேதான் இருக்கிறோம். நான் சொல்வது எண்பதுகளின் நடுப்பகுதி. இன்று நீங்கள் பார்க்கிற மனைகளும் மாடிவீடுகளும் அன்று நெல் வயல். அப்பா குரோம்பேட்டைப் பக்கம் ஒரு தோல் ஷெட்டில் வேலை பார்த்தார், அம்மா கூலிக்கு நடவும் அறுப்பும் களத்து வேலையும் பார்த்தாள். சொர்ணவாரிப் பட்டத்து நெல் அறுத்துக் களத்துக்கு வருகிற ஆவணி மாதத்தில்தான் எங்கள் பக்கம் 'மெட்ராஸ் ஐ' என்கிற கண்வலியும் வரும். ஒரு வீட்டில் வந்தால் தெரு முழுக்க வரும். காலையில் இமைகள் பிசின் போட்டதுபோல ஒட்டிக்கொண்டிருக்கும், வெந்நீரில் துணியை நனைத்துத் துடைத்தால்தான் திறக்கும். பள்ளிக்கூடத்தில் "கிட்ட வராத, வூட்டுக்குப் போ" என்று விரட்டுவார்கள் என்பதால் எங்களுக்கு அது ஒரு பண்டிகைபோல. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு திரிகிற பையன்களைப் பார்த்து, நமக்கு எப்போது வரும் என்று ஏங்குவோம்.

அந்தக் காலத்தில் தெருவுக்கே ஒரு சொட்டு மருந்துதான். அது அடுத்த வீட்டு டெய்சி அக்காவுடையது. டெய்சி அக்கா சைதாப்பேட்டையில் ஓர் ஆபீசில் டைப்பிஸ்ட். தாம்பரத்தில் மின்சார ரயில் பிடித்துப் போய்வருவார். எங்கள் தெருவில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவர் அவர்தான். அவர் கணவருக்கு ஒருமுறை கண் சிவந்து வீங்கியபோது தாம்பரத்து டாக்டர் ஒருவர் எழுதிக்கொடுத்த மருந்து மூன்றே நாளில் கண்ணை வெள்ளையாக்கிவிட்டதாம். அதற்குப் பிறகு அந்த டாக்டரிடம் யாரும் போகவில்லை. காலிப் பாட்டிலை மருந்துக்கடையில் காட்டினால் அதே மாதிரி ஒன்றை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். டெய்சி அக்கா வாங்கி வருவார். அது வீடு வீடாகப் போகும், ஒரு வீட்டுப் பிள்ளையின் இமையைத் தொட்ட பாட்டில் மூக்கு அடுத்த வீட்டுப் பிள்ளையின் இமையையும் தொடும். யாரும் தப்பாக நினைத்ததில்லை. மாவு சல்லடையையும் உரலையும் இரவல் வாங்குவதுபோலத்தான் அதுவும்.

அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சின்ன வயதில் அம்மை வார்த்தபோது அவளுடைய இடது கண்ணில் பூ விழுந்துவிட்டது. பூ என்றால், கருவிழியின் மேல் பால் தெளித்ததுபோல ஒரு வெள்ளை. அந்தக் கண்ணில் ஒன்றும் தெரியாது. வலது கண் ஒன்றை வைத்துக்கொண்டுதான் நாற்று நட்டாள், அரிசியில் கல் பொறுக்கினாள், என் தலையில் பேன் பார்த்தாள். களத்தில் கூட நிற்கிற பெண்கள் அவளை "பூக்கண்ணி" என்று கூப்பிட்டுக் கிண்டல் செய்வார்கள். அம்மா முறத்தை ஆட்டியபடியே, "எனுக்கு ஒண்ணே போதும்டி. ஒம் புருசன் மூஞ்சிய ரெண்டு கண்ணால வேற பாக்கணுமா?" என்பாள். களமே சிரிக்கும்.

அப்படிச் சிரித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம்தான் காற்று திரும்பியது. பதர் தூற்றும்போது காற்றுக்கு முதுகு காட்டித்தான் நிற்பார்கள். திடீரென்று அது எதிர்ப்பக்கமாக வீசவே, தூசியும் ஊசிபோன்ற நெல் சுணையும் அம்மாவின் முகத்தில் அடித்தன. வலது கண்ணைப் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் இருந்தவள் முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்து ஊதி ஊதி ஒத்தடம் கொடுத்தாள், இன்னொருத்தி துணி முனையால் உள்ளே துழாவி எதையோ எடுத்தாள். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அம்மா சுவரைத் தடவிக்கொண்டு வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தாள்.

மறுநாள் கண் சிவந்துவிட்டது. தெருவில் ஏற்கெனவே பாதிப் பேருக்குச் சிவந்திருந்தது. அந்த ஆவணியில் சிவந்த கண்ணைப் பார்த்து வேறொன்றை யாருக்கு நினைக்கத் தோன்றும்?

"இன்னாக்கா, ஒனக்கும் வந்துகினு கீதா மெட்ராஸ் ஐ?" என்று கேட்டுக்கொண்டே டெய்சி அக்கா ஆபீசுக்குப் போகிற அவசரத்திலும் வந்து, அம்மாவின் தலையைத் தன் மடியில் சாய்த்து மருந்து விட்டார்.

"தூசு வியுந்திச்சிடி" என்றாள் அம்மா.

"தூசு வியுந்தாலும் இதான் மருந்து. கசக்குதா?"

"கசக்குது."

"அப்ப புடிச்சிகிச்சி."

மருந்து வேலை செய்தது, பிள்ளைகளே. அதைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை. இரண்டே நாளில் சிவப்பு வடிந்தது, வலி குறைந்தது, அம்மா கண்ணைத் திறந்து, "வெள்ளையாப் பூடிச்சி பாரு" என்று எல்லோரிடமும் காட்டினாள். டெய்சி அக்காவின் கையைப் பிடித்து முத்தம் வைத்தாள். அவர் கொடுத்துவிட்டுப் போன பாட்டிலை முந்தானையில் முடிந்துகொண்டு மறுபடியும் களத்துக்குப் போனாள்.

அதற்கடுத்த வாரம் கருவிழியின் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு புள்ளி வந்தது. பிறகு அது மிளகளவு ஆனது. வலி திரும்ப வந்தபோது அம்மா இன்னும் அதிகமாகச் சொட்டு விட்டாள், சாயங்காலமும் விட்டாள், விளக்கு வைத்த பிறகும் விட்டாள். அப்பா டவுனுக்குப் போகலாம் என்றார். அம்மா, "அங்க யாரத் தெரியும் நமக்கு? நீ ஷெட்டுக்குப் போ. அடுத்த ஞாயித்துக்கெழம ஸ்கூல்ல கண்ணு முகாம் போடறாங்களாம், ஆட்டோல கத்திகினு போனான்" என்றாள். எங்களுக்குக் கண் டாக்டர் என்பவர் ரயிலேறிப் போய்ப் பார்க்கிற ஆள் இல்லை. மைக் வைத்த ஆட்டோவில் சொல்லிவிட்டு எப்போதாவது வருகிற ஆள். அதனால் காத்திருந்தோம்.

முகாமில் புரை விழுந்த கிழவர்களும் கிழவிகளும் நீளமாக வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா மட்டும்தான் கறுத்த முடியோடு இருந்தாள். டார்ச் அடித்துப் பார்த்த இளம் டாக்டர் இரண்டு கண்ணையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு எழுந்து நின்றுவிட்டார். "இது புரை இல்லம்மா, புண்ணு. இங்க ஒண்ணும் பண்ண முடியாது. இன்னைக்கே டவுன் ஆஸ்பத்திரிக்குப் போங்க. நாளைக்கு இல்ல, இன்னைக்கே" என்றார். அப்பாவும் நானும் அம்மாவை நடுவில் வைத்துக்கொண்டு ரயிலேறினோம். ஸ்டேஷன் வரும்போதெல்லாம் அம்மா, "இது இன்னா ஸ்டேஷன்?" என்று கேட்டாள். நான் பெயர்ப் பலகையைப் படித்துச் சொன்னேன்.

டவுன் ஆஸ்பத்திரியில் அம்மாவை உள்ளே கூட்டிக்கொண்டு போனபோது முந்தானையில் இருந்த பாட்டிலை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். வெளியே வந்த பெரிய டாக்டரம்மா, "இதுவரைக்கும் என்ன மருந்து போட்டீங்க?" என்று கேட்டதும் அப்பா என் கையிலிருந்து அதை வாங்கிக் காட்டினார். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"இது செவப்பையும் வீக்கத்தையும்தான் அடக்கும்பா. நெல்லு சுணை கீறின எடத்துல பூஞ்சை புடிச்சிருக்கு. மேல செவப்பு அடங்கினதும் ஆறிப்போச்சுன்னு நெனச்சிருப்பீங்க, உள்ள அது நல்லா வளந்திருக்கு. ஒண்ணுமே போடாம நேரா இங்க வந்திருந்தா கண்ணக் காப்பாத்தியிருக்கலாம்."

அம்மாவை அங்கேயே படுக்க வைத்தார்கள், புண்ணைச் சுரண்டினார்கள், மணிக்கொரு தரம் வேறு மருந்து விட்டார்கள். புண் ஆறியது. ஆறிய இடத்தில் பூ விழுந்தது. இடது கண்ணில் இருந்த அதே வெள்ளை, அதைவிடப் பெரிதாக. யாராவது இறந்தவர்களின் கண் தானமாகக் கிடைத்தால் மாற்றி வைத்துப் பார்க்கலாம், சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். சொல்லி அனுப்பவே இல்லை. வெகுகாலம் கழித்து நாங்களாகப் போய்க் கேட்டபோது, கண் உள்ளுக்குள் சுருங்கிவிட்டது, இனிமேல் பிரயோசனம் இல்லை என்றார்கள்.

அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அப்பா என்னிடம் சொன்னது இதுதான்: "டாக்டரு சொன்னது ஒங்கம்மாவுக்கும் தெரியக்கூடாது, டெய்சிக்கும் தெரியக்கூடாது. தெரிஞ்சா டெய்சி உசுர உட்டுடுவா. ஒங்கம்மாவுக்கு இனிமே அவள உட்டா யாரு கீறாங்க?" பாட்டிலை அங்கிருந்த குப்பைக் கூடையில் போட்டார்.

அப்பா சொன்னது சரியாகத்தான் இருந்தது. காலையில் ரயிலுக்குப் போகுமுன் டெய்சி அக்கா வந்து அம்மாவுக்குத் தலைவாரிப் பின்னிவிட்டுப் போவார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்வந்ததும் எங்கள் வீட்டில் சோறாக்குவார். புதுப்புடவை கட்டினால் அம்மாவின் கையை எடுத்துப் புடவைமேல் வைத்து, "நீலங்க்கா, ஓரத்துல சிவப்பு" என்பார். அம்மாவுக்கு அவர் கண்ணாக இருந்தார் என்றுகூடச் சொல்லலாம். இருவரும் பேசிச் சிரிக்கிற சத்தம் வரும்போதெல்லாம் அப்பா எழுந்து வெளியே போய்விடுவார்.

ஆனால் அந்த மௌனம் அம்மாவிடம் வேறொரு வேலையைச் செய்தது. "டெய்சி மருந்துல கண்ணு நல்லாத்தான் ஆயிகினு இருந்திச்சி. நாந்தான் பொறுக்காம திரும்பக் களத்துக்குப் போயி கெடுத்துகினேன்" என்று அவள் தன்னையே குற்றம் சொல்லிக்கொள்வாள், இன்றும் சொல்கிறாள். இல்லையம்மா, உன் தப்பு இல்லை என்று சொன்னால், அப்புறம் யாருடைய தப்பு என்று கேட்பாள். இருக்கிற பதிலைச் சொல்ல முடியாது.

நான் இப்போது பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன். அப்பா போய்ச் சேர்ந்து வெகுநாள் ஆயிற்று. களம் இருந்த இடத்தில் நாலு மாடிக் குடியிருப்பு நிற்கிறது, முடிச்சூரில் தூற்றுவதற்கு நெல்லும் இல்லை, முறம் பிடிக்கிற ஆளும் இல்லை. கண்ணாஸ்பத்திரிகள் தாம்பரத்திலேயே வந்துவிட்டன. ஆனால் மெட்ராஸ் ஐ மட்டும் தவறாமல் வருகிறது, அது வந்தால் பாதி பாட்டில் மருந்தும் கூடவே வருகிறது. போன மாதம் என் மகளுக்குக் கண் சிவந்தபோது மேல்வீட்டு அம்மா அன்போடு ஒரு பாட்டிலைக் கொடுத்து அனுப்பினார். வேண்டாம் என்றேன். வேனில் வருகிற பிள்ளைகளின் தாய்மார்களிடமும் சொல்லிப் பார்க்கிறேன்: டாக்டர் பார்க்காமல் கண்ணில் எதையும் விடாதீர்கள், ஒருவர் மருந்தை இன்னொருவருக்கு விடாதீர்கள். "சரிண்ணா, சரிண்ணா" என்று சிரிக்கிறார்கள். மறுநாள் காலை அவர்கள் பிள்ளையின் பையிலேயே ஒரு பாட்டில் இருக்கிறது.

டெய்சி அக்கா போன வருஷம் இறந்துவிட்டார், ஒன்றும் தெரியாமலே. அதனால்தான் இதை எழுதத் துணிந்தேன். எழுதிக்கொண்டிருந்தபோது காகிதம் புரள்கிற சத்தம் கேட்டு, கட்டிலில் இருந்த அம்மா திரும்பினாள்.

"இன்னாடா எழுதிகினு கீற?"

"பசங்களுக்கு, அந்தக் காலத்துக் கதம்மா."

"டெய்சி வர்றாளா அதுல?"

"வர்றாங்க."

"அப்ப படிச்சிக் காட்டு."

கசப்பைப் பற்றிப் படித்தேன், கறுப்புக் கண்ணாடியைப் பற்றிப் படித்தேன். "ஒம் புருசன் மூஞ்சிய" என்ற இடத்தில் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். காற்று திரும்பிய இடம் வந்ததும் நிறுத்திக்கொண்டேன்.

"அப்புறம்?"

"அவ்ளோதாம்மா. மிச்சம் இன்னும் எழுதல."

அம்மா பின்னாத தலைமுடியைக் கையால் ஒதுக்கிக்கொண்டே சொன்னாள்:

"டெய்சி என்ன மடியில போட்டுகினு மருந்து உட்டாளே, அத்த எழுதாம உட்டுடாதடா."