அருள்ராஜ் அண்ணாச்சி நின்ற இடம்

மொட்டை மாடியில் ஏரியல் கம்பியை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். மலையிலிருந்து இறங்கும் மேல்காற்றுக்கு என் ஏரியல்மேல் என்ன கோபமோ, ஆண்டுதோறும் அவிழ்த்துவிட்டுத்தான் போகும். அப்போதுதான் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அருள்ராஜ் அண்ணாச்சியின் மனைவி பாக்கியம் மதினி போனில் கூப்பிட்டார்.

"ஏம்மா கலா, அவிய போயிட்டாவ. காப்பி குடிச்சாவ, செத்த நேரம் படுக்கேன்னாவ. அம்புட்டுத்தான்."

கம்பியைப் பாதியில் விட்டுவிட்டுக் கீழே இறங்கினேன். அழுகை பிறகுதான் வந்தது. அதற்கு முன்னால் வந்த நினைப்பு, இதை ராஜாண்ணனிடம் யார் போய்ச் சொல்வது என்பதுதான்.

காலையில் நம்மோடு அலைவரிசையில் கூடும் நண்பர்களுக்கு அருள்ராஜ் அண்ணாச்சியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். ஹாம் ரேடியோ என்று ஒரு பித்து உண்டு. அரசாங்கத்தின் பரீட்சை எழுதி, உரிமம் வாங்கி, சொந்தமாகக் கருவி வைத்துக்கொண்டு காற்றில் பேசுகிறவர்கள் நாங்கள். "போனில் பேசினால் போதாதா?" என்று கேட்பவர்களுக்கு எங்களிடம் பதில் கிடையாது. தினமும் காலை வெயில் ஏறியதும் மதுரையிலிருந்து செங்கோட்டை வரைக்கும் உள்ள நண்பர்கள் ஓர் அலையெண்ணில் கூடுவோம். பெரும்பாலும் மழை வந்ததா, சர்க்கரை குறைந்ததா என்றுதான் பேச்சு. அண்ணாச்சி ராணுவத்தில் சிக்னல் பிரிவில் இருந்து திரும்பி, இராஜபாளையத்தில் நூற்பாலை ஒன்றில் மின்பிரிவு மேற்பார்வையாளராகச் சேர்ந்தவர். அதே ஆலையில் நூல் சோதிக்கும் லேபுக்குப் பிற்பாடு நான் பொறுப்பாளராகப் போனேன். எனக்கும் அந்தப் பித்து அங்கேதான் தொற்றியது.

அவரை நினைத்தால் ஓர் அலுமினியச் சாப்பாட்டு டப்பா சேர்ந்தே நினைவுக்கு வரும். உள்ளே சோறு இருக்காது. ஒரு சின்ன மின்சுற்றும், அதன் நடுவில் ஒரு படிகமும் இருக்கும். அந்தப் படிகம் துடிக்கும் துடிப்பு ரேடியோவின் டயல் முழுக்கச் சம இடைவெளியில் குறிகளைப் போட்டுக்கொண்டே போகும். நெடுஞ்சாலையில் மைல்கல் நட்டதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். ரேடியோவைத் திருகிக்கொண்டே போனால் குறிக்குப் பக்கத்தில் ஒரு விசில் சத்தம் கேட்கும். நெருங்க நெருங்க விசில் தாழ்ந்து, முனகலாகி, சரியான இடத்தில் அடியோடு நின்றுவிடும். நின்றால் அந்த அலையெண்ணில் இருக்கிறோம் என்று பொருள்.

என் வீட்டில் முதன்முதலாகக் கருவி வைத்த அன்றைக்கு அந்த டப்பாவை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார். என் வீட்டுக்காரர், சோறு கொண்டுவந்திருக்கிறார் போல என்று தட்டை எடுத்துவைத்துவிட்டார். அண்ணாச்சி சிரிக்கவே இல்லை. "தட்டு இருக்கட்டும் மாப்ளே, பொறவு சாப்புடுதேன். மொதல்ல விசில் நிக்கட்டும்" என்றார். இட்லி ஆறிப்போன பிறகுதான் விசில் நின்றது. "விசிலு நிக்காம பேச ஆரம்பிக்கதும், வண்டி நிக்கதுக்கு முன்னால குதிக்கதும் ஒண்ணுதாம்மா" என்று சொல்லிவிட்டு ஆறின இட்லியையும் ரசித்துச் சாப்பிட்டார்.

ராஜாண்ணன் என்று நான் சொல்வது சுப்பராஜாவை. அதே ஆலையில் லேபுக் கருவிகளைப் பழுதுபார்த்தவர். வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். இவரும் அண்ணாச்சியும் ஒரே நாளில் பரீட்சை எழுதி, ஒரே தட்டில் புரோட்டாவைப் பிய்த்துத் தின்றவர்கள். ஒருவர் வீட்டு விசேஷத்தில் மற்றவர்தான் மைக் செட்டுக்குக் காவல். கிறிஸ்துமஸ் கேக்கு ராஜாண்ணன் வீட்டுக்கு வரும், பொங்கல் கரும்பு அண்ணாச்சி வீட்டுக்குப் போகும். ராஜாண்ணன் அவரை "ஏமிரா மிலிட்டரி" என்று தெலுங்கில் 'என்னடா' போட்டுத்தான் கூப்பிடுவார். அண்ணாச்சியை அப்படிக் கூப்பிட வேறு யாருக்கும் துணிச்சல் இருந்ததில்லை.

இந்த இருவரையும் பிரித்தது ஒரு புது ரேடியோ. ராஜாண்ணனின் மகன் வெளிநாட்டிலிருந்து வாங்கிவந்தது. அதில் டயல் முள் கிடையாது. அலையெண் கடைசி இலக்கம்வரை பளிச்சென்று எண்ணாகத் தெரியும். மறுநாள் காலையே எல்லோரும் கேட்கும்படி ராஜாண்ணன் சொன்னார்: "ஏமிரா மிலிட்டரி, நீ கொஞ்சம் கீழ நிக்கிற. ஓங்குரலு வாத்து கத்துத மாதிரி கேக்கு. டப்பாவத் தூக்கிக் குப்பையில போடு."

சிரித்தோம். அண்ணாச்சியும் சிரித்துவிட்டுத் திருகியைக் கொஞ்சம் நகர்த்தியிருந்தால் முடிந்திருக்கும். நாங்கள் எல்லோரும் அப்படித்தானே காதால் கேட்டு ஒட்டிக்கொள்கிறோம்! ஆனால் நிதானமாக வந்தது பதில்: "நான் நிக்கிற எடத்துலதான் நிக்கேன்."

"எண்ணு சொல்லுதுல்லா, கீழ நிக்கிறன்னு!"

"எண்ணு சொல்லட்டும்."

அன்றிலிருந்து சனி பிடித்தது. இவர் டப்பாவின் குறியை விட்டு நகர மாட்டார், அவர் எண்ணை விட்டு நகர மாட்டார். ராஜாண்ணனுக்கு இவர் வாத்தாகக் கேட்டார், இவருக்கு ராஜாண்ணன் பானைக்குள்ளிருந்து பேசுவதுபோலக் கேட்டார். ஒரு மயிரிழை வித்தியாசம்தான். விட்டுக்கொடுத்தால் ஆண்மைக்கு இழுக்கு என்று நினைத்தார்களோ என்னவோ. முதலில் காற்றில் பேச்சு நின்றது, அப்புறம் கேக்கும் கரும்பும் நின்றன. எனக்கு இருவர் மேலும் அப்படி ஒரு எரிச்சல்.

என் கருவியை இரண்டுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு நான்தான் தூது போனேன். "அந்த ராஜாவுக்கு முட்டிவலி எப்படிருக்காம்?" என்று கேட்பார் அண்ணாச்சி. நான் போய்க் கேட்டால், "அவனுக்கு எதுக்காம் என் முட்டி?" என்பார் ராஜாண்ணன். சொல்லிவிட்டு அடுத்த மூச்சிலேயே, "அவன் பிரஷர் மாத்திரை ஒழுங்காப் போடுதானாமா? கேட்டுச் சொல்லு" என்பார். இரண்டு பேரும் தூதுப்புறாவுக்கு ஒரு வாய் காப்பிகூடக் கொடுத்ததில்லை.

ஒரே ஒரு வேடிக்கை உண்டு. மார்கழி வந்தால் இருவர் குரலும் கிட்டத்தட்ட ஒட்டிக்கொள்ளும். வாத்தும் இருக்காது, பானையும் இருக்காது. ஆண்டாள் ஊர்க்காரர், மார்கழியில் மனசு இளகிவிடுகிறது என்று நாங்கள் கேலி பேசுவோம். "நான் வேதக்காரன்லா, என்னைய எதுக்குல ஆண்டாளுகிட்ட கோத்துவிடுதிய" என்பார் கிறிஸ்தவரான அண்ணாச்சி. தை பிறந்து பங்குனி வெயில் காய ஆரம்பித்ததும் பழையபடி வாத்தாகிவிடுவார். அது ஏன் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. வெட்கமாக இருக்கிறது, நாங்கள் எல்லோரும் கருவிக்காரர்கள்.

போன வருடம் அண்ணாச்சிக்கு நெஞ்சுவலி வந்து மதுரையில் படுத்திருந்தார். ராஜாண்ணன் பஸ் ஏறி ஆஸ்பத்திரி வாசல்வரை போயிருக்கிறார். எதிர்த்தாற்போல் கடையில் டீ குடித்திருக்கிறார். உள்ளே போகாமல் திரும்பிவிட்டார். என்னிடம் சொன்ன காரணம், "கூட்டமா இருந்துச்சு". ஆஸ்பத்திரி என்றால் கூட்டம் இல்லாமல் பிறகு என்ன இருக்கும்?

அடக்கத்துக்கு ராஜாண்ணன் வந்தார். நான்தான் சொன்னேன், நான்தான் கூட்டிப்போனேன். கல்லறைத் தோட்டத்தில் எல்லோரும் ஒரு பிடி மண் போட்டபோது கடைசி ஆளாக வந்து போட்டார். அங்கிருந்தே நழுவப் பார்த்தவரை, "மதினியைப் பாக்காமப் போனா நல்லாவா இருக்கு" என்று வீட்டுக்கு இழுத்துப்போனேன்.

பாக்கியம் மதினி மாடிக்கு எங்களை அழைத்துப்போனார். தகரக் கூரை போட்ட சின்ன அறை. காலடி வைத்ததும் வெக்கை முகத்தில் அடித்தது. அண்ணாச்சி இந்த அடுப்புக்குள் உட்கார்ந்துதான் இத்தனை வருடம் பேசியிருக்கிறார். மேசைமேல் டப்பா இருந்தது. மதினி மூடியைத் திறந்து விரலை வைத்துக் காட்டினார். படிகத்தின் துடிப்பைக் கூட்டிக் குறைக்கிற சின்னத் திருகு. அது அசையாமலிருக்க அதன் தலையில் சிவப்பாக ஏதோ பூசியிருந்தது.

"இது என்னதுன்னு ஞாபகம் இருக்கா ராஜாண்ணே?"

அவர் குனிந்து பார்த்தார்.

"என் நகப்பாலிஷு. கல்யாணமாகி வந்த புதுசுல நீங்கதான கேட்டு வாங்கிட்டுப் போனிய? கல்யாணப் பரிசுன்னு இந்த டப்பாவச் செஞ்சி, மில்லு லேபுல வச்சி அளவெடுத்து, பாலிஷு பூசி அடைச்சிக் கொண்டாந்து குடுத்திய. எனக்குப் பாதிப் புட்டி காலி."

ராஜாண்ணன் தலையைத் தூக்கித் தகரக் கூரையைப் பார்த்தார். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. எங்கள் லேபில் வருடம் முழுக்கக் குளிர்சாதனம் ஓடும். ஈரமும் சூடும் மாறினால் நூலின் அளவு மாறிவிடும் என்பதற்காக. அந்தக் குளிரில் திருத்தமாக வைத்த அளவு, இந்தத் தகரக் கூரையின் கீழே படிகம் சூடேறும்போது கொஞ்சம் இறங்கிப்போகும். மார்கழியில் அறை குளிர்ந்தால் பழைய இடத்துக்கு ஏறிவிடும். ஆண்டாள் இதில் தலையிடவே இல்லை.

"அவியளுக்குத் தெரியும்" என்றார் மதினி. "சண்ட வந்த அன்னைக்கே கண்டுபிடிச்சிட்டாவ. ஒரு பொட்டுத் திருகுனாச் சரியாப் போயிருமாம். அப்ப திருகிருங்களேன்னேன். 'அது ராஜா வச்ச அளவு. நான் கைய வச்சா, அவன் வச்சது தப்புன்னு ஆயிரும்'னாவ. சரி, ராஜாண்ணனக் கூப்புட்டாவது சொல்லுங்களேன்னேன். 'அம்புட்டுப் பேரு முன்னால குப்பையில போடுன்னான்லா. அவனுக்கே தானா ஞாபகம் வரட்டும்'னுட்டாவ."

"எனக்கு வரலயே தாயி" என்றார் ராஜாண்ணன். "நான் வச்சதுதான்னு எனக்கு ஞாபகமே வரலயே. நான் வச்சதத்தான் நானே குப்பைன்னேனா?" அங்கே கிடந்த முக்காலியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அண்ணாச்சிமேல் எனக்குக் கோபம் உண்டு. அஞ்சலியில் இதை எழுதக் கூடாதுதான், இருந்தாலும் எழுதுகிறேன். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். முட்டிவலியையும் மாத்திரையையும் சுமந்தவள் இதையும் சுமந்து போய்ச் சேர்த்திருக்க மாட்டேனா? நண்பனுடைய கைவேலைக்கு அவ்வளவு மரியாதை கொடுத்தவர், அந்த நண்பனுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுத்திருக்கலாம். அவரிடம் இதைச் சொல்லிச் சண்டை போட எனக்கு வாய்க்கவில்லை.

மதினி ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவரை எடுத்து நீட்டினார். "நீங்களே சரி பண்ணிக் கொண்டு போங்க. உங்க சாமான்தான." ராஜாண்ணன் அதை வாங்கினார். சிவப்புப் பொட்டின்மேல் கொண்டுபோனார். பிறகு மேசையிலேயே வைத்துவிட்டார்.

"வேண்டாம் தாயி. எங்க வீட்டுக்கும் வேண்டாம். என் ரூம்ல ஏசி. அங்க வந்தா இது அவன் எடத்த விட்டு நகந்துரும்." என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, ஒன் மாடி ரூமும் இப்படி வேகுமுல்லா? நீ கொண்டுபோ."

மறுநாள் காலை அண்ணாச்சிக்கு அஞ்சலி சொல்ல எல்லோரும் கூடியது உங்களுக்கு நினைவிருக்கும். தளவாய்புரத்து நண்பர் பேசினார், புதுப்பட்டி நண்பர் பேசினார். ராஜாண்ணனின் முறை வந்தபோது கேட்டது வாத்து கத்துவதுபோல ஒரு குரல். நம்மில் ஒருவர் பதறிப்போய், "ராஜா சார், நீங்க கீழ நிக்கிறீங்க, கொஞ்சம் ஏறி வாங்க" என்றார். நான் என் திருகியைக் கீழே இறக்கினேன். பக்கத்தில் டப்பாவின் சுவிட்சைப் போட்டிருந்தேன். விசில் தாழ்ந்து, முனகி, நின்றது. அண்ணாச்சி நிற்கும் எண் என்று வருடக்கணக்காகச் சொல்லிச் சொல்லிச் சண்டை போட்டது அல்லவா, ராஜாண்ணனுக்கு மனப்பாடம். ராஜாண்ணனின் குரல் அங்கே எந்தப் பிசிறும் இல்லாமல் கேட்டது.

"நான் நிக்கிற எடத்துலதான் நிக்கேன்" என்றார்.

டப்பா இப்போது என் மாடியறையில் இருக்கிறது. நண்பர்களே, உங்கள் கருவிகள் காட்டும் எண்தான் சரியான எண், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் காலையில் ராஜாண்ணனையோ என்னையோ தேடுகிறவர்கள் அங்கே பார்க்காமல் ஒரு மயிரிழை கீழே வாருங்கள். மார்கழியில் மட்டும் நாங்களே மேலே வந்துவிடுவோம்.