அடிபம்பு அன்புச்செல்வி

சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, கல்லூரி வாசலருகே உள்ள அடிபம்பின் கழுத்தில் காதை ஒட்டவைத்து, கைப்பிடியை மெல்ல ஏற்றி இறக்குகிறாள். சாலையில் போகிற சைக்கிள்காரர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். "தோலு வாசர் தேஞ்சுபோச்சுங்க சார். இப்ப மாத்தலீன்னா அடுத்த மாசம் இது இரும்புக் கடைக்குத்தானுங்க" என்கிறாள் என்னிடம். முதல் மணி அடித்தாயிற்று என்று நான் சொன்னது அவள் காதில் ஏறவே இல்லை. காதுதான் பம்பிடம் இருக்கிறதே.

துடியலூர்ப் பக்கம் நான் கணக்கியல் நடத்தும் மேலாண்மைக் கல்லூரியில் அன்புச்செல்வி எம்.பி.ஏ. இரண்டாம் ஆண்டு மாணவி. சூலூருக்கு அப்பால் ஒரு சிற்றூர்க் காலனியிலிருந்து காந்திபுரத்தில் பஸ் மாறி வருகிறாள். அப்பா வேலனுக்குத் தோட்டத்தில் கூலிவேலை. புதன்கிழமைகளில் பையன்கள் டையும் பெண்கள் சேலையும் கட்டி, வேர்த்து விறுவிறுத்து, அதிகாரிகளைப் போலத் தோன்ற வேண்டும் என்பது எங்கள் இயக்குநரின் கட்டளை. இவள் சேலையில் கிரீஸ் கறை இல்லாத புதன்கிழமையை நான் பார்த்ததில்லை. பையன்கள் 'அடிபம்பு' என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். அப்படிக் கூப்பிட்டால், "ஏனுங்க?" என்று நின்று நிதானமாகத் திரும்புவாள். கூப்பிட்டவன்தான் நெளிவான்.

கோடைப் பயிற்சிக்கு மற்றவர்கள் கிரைண்டர், பனியன், நூல் மில் என்று சிதறியபோது, தான்சானியக் கிராமங்களில் அடிபம்புகள் ஏன் சீக்கிரமே படுத்துவிடுகின்றன என்று இவள் ஆய்வறிக்கை எழுதினாள். தண்ணீர் வேலைக்காக அங்கே ஆட்களை அனுப்புகிற ஒரு தொண்டு நிறுவனம் சென்னையில் இருக்கிறது. அதற்கு எழுதிக் கேட்டு விவரம் வாங்கியிருந்தாள். "பம்பு போட்டுக் குடுத்து போட்டோ எடுக்கறதுக்கு ஆளு இருக்குதுங்க. வாசர் மாத்தறதுக்குத்தான் ஆளில்லீங்க." படித்து முடித்ததும் அந்த நிறுவனத்தின் மூலம் தான்சானியா போவது. அவளுக்கு வேறு திட்டமே கிடையாது.

இங்கே இன்னொரு கல்லூரியில் படிக்கும் நீமா என்ற தான்சானியப் பெண்ணைப் பிடித்து, ஞாயிற்றுக்கிழமைகளில் சுவாஹிலி கற்கிறாள். 'ஹபாரி' என்றால் நலமா என்று அர்த்தமாம். இவள் என்னைப் பார்த்தால் "ஹபாரிங்க சார்" என்கிறாள். பெரியவர்களிடம் 'ங்க' இல்லாமல் எந்த மொழியும் பேச அவளுக்கு வராது. நீமா இதைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பதை ஒரு நாள் நானே பார்த்தேன்.

"ஆப்பிரிக்கா எதுக்கு? நம்ம ஊருலயே செய்யறது?" என்று ஒருமுறை கேட்டுத் தொலைத்தேன்.

"செஞ்சு பாத்துட்டேனுங்க சார்" என்றாள்.

கல்லூரியில் சேருமுன் அரசாங்கப் பயிற்சியில் அடிபம்பு பழுது பார்க்கக் கற்றவள். ஊருக்குள் பிள்ளையார் கோயில் முன்னால் இருந்த பம்பு ஒரு வாரமாக நின்றுகிடந்தது. காலனிக்காரர்கள் அதைத் தொடக்கூடாது. அது தெரிந்தே போய், மண்டை பிளக்கும் வெயிலில் குழாயை உருவிச் சரிசெய்துவிட்டு வந்தாள். அவள் தெருவைத் தாண்டுமுன் நாலு பெண்கள் குடத்தோடு வந்து, மஞ்சளைக் கரைத்து அந்தப் பம்பை உச்சி முதல் அடி வரை கழுவினார்கள்.

"எந்தத் தண்ணியில கழுவுனாங்கன்னு கேளுங்க சார். நான் வரவெச்ச தண்ணியிலதானுங்க!" சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை.

இந்த வருடம் கல்லூரிக்கு வேலைக்கு ஆள் எடுக்க வந்தவர் கணபதிப் பக்கம் பம்ப்செட் கம்பெனி வைத்திருக்கும் அப்புசாமி. எல்லாரும் நேர்காணலுக்குப் போயே தீர வேண்டும் என்பது விதி. இவளும் போனாள். ஆப்பிரிக்காவுக்கு மோட்டார் பம்பு அனுப்பப் போவதாக அவர் பெருமையாகச் சொல்ல, "அந்த ஊருகள்ல கரண்டு இருக்குதுங்களா?" என்று கேட்டிருக்கிறாள். இலவச மின்சாரத்தில் பம்ப்செட் ஓடும் நாட்டுக்காரர், அதை யோசித்திருக்கவில்லை. அடக்க முடியாமல் சிரித்து, அங்கேயே தேர்வு செய்துவிட்டார். "ஏற்றுமதிப் பிரிவு உனக்குத்தான் கண்ணு. இங்க உக்காந்தே ஆப்பிரிக்காவப் பாத்துக்கலாம்."

வேலை கிடைத்தவர் பெயரை ஆபீஸ் வாசலில் உள்ள கரும்பலகையில் மஞ்சள் சாக்பீஸால் எழுதுவது எங்கள் வழக்கம். எழுதியாயிற்றென்றால் அவர் வேறு நேர்காணலுக்குப் போகக்கூடாது. மீறினால் கல்லூரி சான்றிதழும் தராது. அவளுக்கோ அடுத்த வாரம் சென்னையில் அந்தத் தொண்டு நிறுவனத்தின் நேர்காணல். பெயரை அழிக்கச் சொல்லி இயக்குநரிடம் மூன்று நாள் நடந்தாள். "போர்டுல ஏறுன பேரு எறங்குன சரித்திரம் இல்லம்மா" என்றுவிட்டார். நானும் என் பங்குக்கு, சென்னையும் கைவிட்டால் இரண்டும் கெட்டுப்போகும் என்று பயமுறுத்தினேன். "கெட்டாக் கெடட்டுமுங்க" என்றாள்.

புதன்கிழமை நியமனக் கடிதம் கொடுக்க அப்புசாமியே வந்தார். கரும்பலகைக்குக் கீழே வரிசையாக நின்று போட்டோ எடுக்க வேண்டும். பையன்கள் டையைச் சரிசெய்தார்கள். அப்புசாமி நீட்டிய உறையை அவள் வாங்கவில்லை. "நீங்க நல்லா இருக்கோணுமுங்க. எனக்கு வேண்டாமுங்க" என்றாள்.

இயக்குநர் பலகையைச் சுட்டிக்காட்டினார். "பேரு எழுதியாச்சும்மா."

அவள் தலைப்பை இடுப்பில் செருகினாள். வாசலோரம் இருந்த பானையில் ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டாள். பாவம், தாகம் போலிருக்கிறது என்று நினைத்தேன். நேரே வந்து, தன் பெயரின் மேல் அதை வீசி, உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தாள். மஞ்சள் கரைந்து சுவரில் வழிந்தது. போட்டோக்காரர் கேமராவை இறக்க மறந்து நின்றார்.

ஓரடி பின்னால் நகர்ந்து, தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"தடம் இன்னும் தெரியுதுங்க" என்று சொல்லிவிட்டு, இன்னொரு டம்ளர் மொள்ளப் போனாள்.